எக்ஸில் தொடங்கும் பெயர்கள்

அவள் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வெளியே வந்தபோது வாசல் கதவு திறந்து கிடந்தது. எதிர் வீட்டுப் படியில் தையல்காரம்மா உட்கார்ந்திருந்தார். அவருடைய முழங்கால்களுக்கு நடுவே இவள் மகள் சிட்டு உட்கார்ந்திருக்க, அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். தினமும் பின்னுகிற கை போல வேகமாக ஓடியது அந்தக் கை. பற்களுக்கு நடுவில் ரிப்பன் இருந்தது.

"காலையிலேயே உங்களைத் தொந்தரவு பண்றாளா?" என்று கேட்டாள்.

தையல்காரம்மா நிமிர்ந்து பார்த்தார். இவளுக்கு இதில் என்ன வந்தது என்பது போன்ற பார்வை. "தொந்தரவா? இவ எனக்கு என்னைக்குத் தொந்தரவா இருந்தா?"

"அம்மா, இறுக்குது," என்றாள் சிட்டு. சொன்னது தையல்காரம்மாவிடம்.

ஏழு வயதுக் குழந்தை, விளையாட்டுக்குச் சொல்லியிருக்கும். அப்படித்தான் அவள் எடுத்துக்கொண்டாள். ஆனாலும் கையைப் பிடித்து எழுப்பியபோது சிட்டு உடனே எழுந்திருக்கவில்லை. தையல்காரம்மாவின் முகத்தைப் பார்த்து, அவர் தலையசைத்த பிறகுதான் வந்தாள். வேனில் ஏற்றிவிட்டுப் பேருந்தில் போகும் வழியெல்லாம் அந்தத் தலையசைப்பு அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் பெயர்க்காரி. ஓய்வூதியக் கணக்குகளைப் பார்க்கும் பெரிய அலுவலகம் அது. பத்துப் பிரிவுகள், அத்தனைக்கும் சேர்த்து ஒரே பழைய டேட்டாபேஸ். அவளை விட நாலு வயது மூத்த சிஸ்டம். அதில் புதிதாக எந்த புரோகிராம் எழுதினாலும் அவளிடம் வந்து பெயர் வாங்க வேண்டும். பெயரின் முதல் எழுத்து அது யாருடையது என்று சொல்லும். ஊதியப் பிரிவுக்கு ஓர் எழுத்து, மருத்துவப் பிரிவுக்கு ஓர் எழுத்து. எல்லாப் பிரிவும் எடுத்துப் பயன்படுத்துகிற பொது புரோகிராம் என்றால் முன்னால் எக்ஸ். எக்ஸ் இல்லாததைப் பக்கத்துப் பிரிவுக்காரன் கண்ணால்கூடப் பார்க்க முடியாது. எக்ஸ் போட்டுவிட்டால் ஊருக்கே பொது.

முன்னெழுத்து விஷயத்தில் அவள் கறார் என்று எல்லோருக்கும் தெரியும். தப்பான எழுத்தோடு வந்த பிரிவுத் தலைவரையே திருப்பி அனுப்பியிருக்கிறாள். அப்படிப்பட்டவள் தன் சர்வீஸில் ஒரே ஒரு தடவை தப்பு செய்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால் வயது கணக்கிடுகிற புரோகிராம் லீப் வருஷத்தில் பிறந்தவர்களுக்குத் தப்பாக விடை சொல்லியது. அதைச் சரிபார்க்கச் சின்னதாக ஒன்று எழுதினாள். பிரிவின் எழுத்தைப் போட்டால் அதைக் கம்பைல் பண்ணி ஓடவைக்கும் நேரத்தில் பிரிவே சிஸ்டத்தை விட்டு வெளியே வந்து நிற்க வேண்டும். எக்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. பத்தே நிமிஷ வேலை, பிறகு அழித்துவிடலாம் என்று எக்ஸ் போட்டாள். வீட்டில் மூன்று வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல், மனசு அங்கேயே இருந்தது. எக்ஸுக்குப் பின்னால் கை தானாகச் சிட்டு என்று அடித்தது. சோதித்துப் பார்க்கக் குழந்தையின் பிறந்த தேதியையே கொடுத்தாள். பிசிறில்லாமல் வேலை செய்தது. அழிப்பதற்குள் ஒருவர் எடுத்துக்கொண்டார், அவரைப் பார்த்து இன்னொருவர். தற்காலிகமாகப் போட்டது எந்த ஆபீஸில் போயிருக்கிறது?

நேற்று சாயங்காலம் மேலாளரிடமிருந்து ஓர் உத்தரவு வந்தது. எக்ஸ் வரிசையில் பல புரோகிராம்களுக்கு எதிரே உரிமையாளர் என்ற இடத்தில் ஆட்களின் பெயர்கள் இருக்கின்றன. பொதுச் சொத்துக்கு ஏது தனி உரிமையாளர், நீக்கவும். ஒரே கட்டளையில் முந்நூற்றுப் பதினொரு வரிகளையும் வெற்றிடமாக்கினாள். இனி யாரும் அங்கே பெயர் போடக் கூடாது என்று ஒரு தடையையும் எழுதி வைத்தாள். வேலை சுத்தமாக முடிந்த திருப்தியோடுதான் வீட்டுக்குப் போனாள்.

இன்று பதினொரு மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது. அலுவலக எழுத்தர்.

"மேடம், இந்த நம்பர் ஒரு ஃபைல்ல இருந்துச்சு. ரெண்டாம் வகுப்புப் பாப்பா ஒண்ணு. அப்பா அம்மா பேர் எழுதற இடம் காலியா இருக்கு. நீங்க பாப்பாவுக்கு என்ன வேணும்?"

"நான் அவ அம்மா. ஜூன் மாசம் நானே என் கையால எழுதிக் குடுத்தேனே."

"அழிச்ச தடம்கூட இல்ல மேடம். புதுப் பேப்பர் மாதிரி இருக்கு."

போனை வைத்துவிட்டுக் கணவனைக் கூப்பிட்டாள். மின்தூக்கி பழுதுபார்ப்பவன். பின்னால் இரும்பு உரசும் சத்தமும், ஆழமான குழிக்குள்ளிருந்து வருகிற எதிரொலியும் கேட்டன.

"என்னங்க, ஸ்கூல்ல சிட்டு ஃபாரத்துல ஏதோ குழப்பமாம்."

"எந்த சிட்டு?"

அவள் காத்திருந்தாள். அவன் கிண்டல்காரன். மூன்று எண்ணுவதற்குள் சிரித்துவிடுவான். மூன்று ஆயிற்று. பத்தும் ஆயிற்று.

"விளையாடாதீங்க. நம்ம பொண்ணு."

இரும்புச் சத்தம் நின்றது. அவன் ஏணியிலிருந்து இறங்குவது கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, மிகப் பிரியமாகப் பேசினான். அந்தப் பிரியம்தான் அவளைப் பயமுறுத்தியது.

"இதோ பாரு. நமக்கு இல்லன்னு ஆயிடுச்சு. டாக்டர் சொன்னப்ப நீதான எனக்குத் தைரியம் சொன்ன? இப்ப எதுக்கு மறுபடியும்? சாப்பிட்டியா நீ?"

அவள் போனை வைத்தாள். இயந்திர அறையின் குளிர் கண்ணாடிக் கதவுக்கு அடியில் கசிந்து கணுக்காலைத் தொட்டது. உள்ளே பழைய வட்டுகள் சுழலும் அந்த ஒரே சுருதியான முனகல், இருபது வருஷமாகக் காதில் விழாமலே இருந்த சத்தம், இன்று தனியாகப் பிரிந்து கேட்டது. சூடேறிய தூசியின் வாசனை அடித்தது.

பக்கத்து மேசையில் டேப் ஆபரேட்டர் அண்ணன் ஒரு போட்டோச் சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மகன் ஜிம்புவின் படம். நேற்று மதியம்கூட அவனுக்கு வாங்கிய ஷூ ஒரு வாரத்தில் கிழிந்ததைச் சொல்லிப் புலம்பியவர்.

"இது யாரு விட்டுட்டுப் போனதும்மா? காலையில இருந்து என் டேபிள்ல இருக்கு. பையனுக்கு மூக்கு என்னை மாதிரியே இருக்கு பாரு, வேடிக்கை," என்றார். சட்டத்தைத் துடைத்து, யாராவது தேடி வந்தால் கொடுக்கலாம் என்று ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஜிம்பு. எக்ஸ் வரிசையில் அந்தப் பெயரைப் பார்த்திருக்கிறாள். என்றோ ஒரு புரோகிராமுக்கு அவர் விளையாட்டாக வைத்த பெயர். நேற்று அவள் வெற்றிடமாக்கிய வரிகளில் அதுவும் ஒன்று.

நம்புகிற விஷயமா இது? அவள் நம்பவில்லை. ஆனால் அவள் விரல்கள் நம்பிவிட்டன. எக்ஸ் வரிசையைத் திறந்தாள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள். சிட்டு, எதிரே வெற்றிடம். அதில் தன் பெயரை அடித்தாள். பொது புரோகிராமுக்கு உரிமையாளர் கூடாது என்று திரை சொன்னது. அவளே எழுதி வைத்த வாசகம். தடையை எடுக்கப் பார்த்தாள். எடுக்க மேலாளரின் கடவுச்சொல் வேண்டும். மேலாளர் நேற்று இரவே வெளியூர் போயிருந்தார், போன் அணைந்து கிடந்தது.

எக்ஸை எடுத்துவிட்டால்? முன்னால் அவளுடைய பிரிவின் எழுத்தைப் போட்டுவிட்டால் அது பொது இல்லை, அவளுடையது. பெயர் மாற்றும் கட்டளையைக் கொடுத்தாள். நாற்பத்து மூன்று இடங்களில் பயன்பாட்டில் உள்ளது, மாற்ற இயலாது என்றது.

நாற்பத்து மூன்றையும் பிரித்தால் மாற்றலாம். ஒவ்வொரு புரோகிராமாகத் திறந்து, அந்த ஒரு வரியை நீக்கி, பழைய வயதுக் கணக்கைப் போட்டு, கம்பைல் பண்ண வேண்டும். அதற்கு ஒவ்வொரு பிரிவும் ஐந்து நிமிஷம் வெளியே வர வேண்டும். மணி பதினொன்று ஐம்பது. பள்ளி விடுவது நாலு மணிக்கு. நாலு மணிக்கு வாசலில் அந்தக் குழந்தை யாருடைய கையைப் பிடித்துக்கொண்டு போகுமோ.

பிரிவு பிரிவாகப் போன் செய்தாள். "அஞ்சு நிமிஷம் வெளிய வாங்க, அவசரம்." அவள் கேட்டால் யாரும் மறுப்பதில்லை, அதிகம் கேட்கிறவள் இல்லையே. மூன்று பிரிவுகள் முடிந்தபோது ஒரு மணி. இருபத்தெட்டு பாக்கி. அச்சடித்த தாளின் பின்பக்கத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று எழுதி வைத்தாள். சிட்டு. ஏழு வயது. இடது காதுக்குப் பின்னால் மச்சம். மேல் பல் ஒன்று விழுந்திருக்கிறது. இருட்டு என்றால் பயம், பாத்ரூமுக்குத் துணைக்குப் போக வேண்டும். என் மகள். கடைசி இரண்டு சொற்களுக்கு அடியில் கோடு போட்டாள்.

மருத்துவப் பிரிவுத் தலைவர் மட்டும் முரண்டு பிடித்தார்.

"காரணம் எழுதிக் குடுங்க மேடம். நீங்கதான எங்களுக்கு ரூல்ஸ் பேசுவீங்க."

"சார், என் பொண்ணு விஷயம்."

"உங்களுக்கு ஏது மேடம் பொண்ணு?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். போன மாதம் சிட்டுவின் பிறந்த நாளுக்கு இரண்டு சாக்லேட் எடுத்துக்கொண்டவர். அவள் போனிலேயே அழுதாள். இருபது வருஷத்தில் யாரும் அவள் அழுது பார்த்ததில்லை. அவர் பதறிப்போய் பிரிவை வெளியே வரச் சொன்னார்.

இரண்டரைக்குப் பள்ளியிலிருந்து மறுபடி போன்.

"மேடம், இங்க ஒரே கூத்தா இருக்கு. ஒரு தையல்காரம்மா வந்து பொண்ணைக் கூட்டிட்டுப் போறேங்கறாங்க. வேன் டிரைவரும் அதையே சொல்றாரு. தெருவுல போன ரெண்டு பேர் உள்ள வந்து எங்க பொண்ணுங்கறாங்க. பாப்பா எல்லாரையும் பாத்துச் சிரிக்குது. யார் கையை நீட்டினாலும் போகுது."

"யார்கிட்டயும் குடுக்காதீங்க. நான் வர்றேன். நாலு மணிக்கு அங்க இருப்பேன்."

"சரிங்க. நீங்க யாருன்னு சொன்னீங்க?"

அவள் சொன்னாள். சொல்லும்போது ஒரு கணம் தடுக்கியது. அம்மா என்கிற சொல் வாய்க்குள் யாருடைய பல்செட்டோ போல இடறியது. தாளை எடுத்து வாசித்தாள். ஆமாம். மச்சம். இடது காது. கண்ணை மூடி அந்த மச்சத்தைப் பார்க்க முயன்றாள். காது வந்தது. மச்சம் வந்தது. முகம் வரவில்லை.

கைபேசியில் படங்களைத் தேடினாள். கடற்கரையில் அவளும் கணவனும். நடுவில் ஒரு குழந்தை, நனைந்த கவுன், கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கிறது. நல்ல குழந்தை. யார் எடுத்த படம் இது, யாருடைய குழந்தையை நடுவில் நிறுத்தினோம் என்று ஒரு யோசனை ஓடியது. ஓடிய மறு நொடி மேசையில் நெற்றியை மோதிக்கொண்டாள். வலித்தது. வலியில் முகம் திரும்பி வந்தது. சிட்டு. சிட்டு. சிட்டு.

பதினாறு பாக்கி.

வேகமாக அடித்தாள். திற. நீக்கு. கம்பைல். அடுத்தது. வட்டுகளின் முனகல் உயர்ந்துகொண்டே போனது. அவளுக்கு மட்டும்தான் கேட்டதோ என்னவோ, ஆபரேட்டர் அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். விரல் நுனிகள் மரத்துப்போயின. பன்னிரண்டு. ஒன்பது.

மூன்றே காலுக்கு அவளே பள்ளிக்குப் போன் செய்தாள்.

"வந்தவங்க எல்லாம் ஒவ்வொருத்தரா போயிட்டாங்க மேடம்," என்றார் எழுத்தர். "எதுக்கு வந்தோம்னு தெரியலங்கற மாதிரி முழிச்சுக்கிட்டுப் போனாங்க. பாப்பா மட்டும் பெஞ்சுல உக்காந்திருக்கு."

அவளுக்கு உயிர் வந்தது. வேலை பலிக்கிறது. பிரிக்கப் பிரிக்க அவர்கள் விலகுகிறார்கள். எல்லோரும் விலகிவிட்டால் மிச்சம் இருப்பவள் அவள்தானே. அப்படித்தான் கணக்குப் போட்டாள் பாவம். எல்லோரும் விலகினால் அந்த சிஸ்டத்துக்கு அது அவளுடையது ஆகாது, யாருக்கும் இல்லாததாகத்தான் ஆகும் என்று, அந்த நேரத்தில் பெயர்க்காரிக்கே தோன்றவில்லை.

ஏழு. ஐந்து.

மூன்று நாற்பதுக்குப் பள்ளி எண்ணிலிருந்து போன். எடுத்தாள்.

"ஹலோ," என்றார் எழுத்தர். பிறகு பேச்சில்லை. பின்னால் ஒரு வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. "மன்னிச்சுக்கோங்க. எதுக்குக் கூப்பிட்டேன்னு மறந்துபோச்சு."

"பெஞ்சுல பாப்பா இருக்காளா?"

"பெஞ்சு காலியா இருக்கே மேடம். ஒரு பை இருக்கு. யாருதுன்னு தெரியல."

"பாருங்க சார். நல்லாப் பாருங்க."

"பாத்துட்டுத்தான் சொல்றேன்."

மூன்று. கண்ணீரில் திரை கலங்கியது. துடைத்துக்கொண்டாள். இரண்டு. தப்பான வரியை நீக்கி, மறுபடி போட்டு, மறுபடி நீக்கினாள். ஏன் கண் இப்படி வழிகிறது? தூசியா? ஒன்று.

கம்பைல்.

நாற்பத்து மூன்றும் முடிந்தது.

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். மூச்சு வாங்கியது, மாடி ஏறியவள் போல. வட்டுகளின் சத்தம் தணிந்து பழையபடி காதில் விழாத சத்தமாயிற்று. என்ன ஒரு நாள். எதற்கு இத்தனை அவசரமாக இதையெல்லாம் பிரித்தோம் என்று யோசித்தாள். ஏதோ சுத்தப்படுத்தும் வேலை. மேலாளரின் உத்தரவாக இருக்கும்.

மேசையில் ஒரு தாள் இருந்தது. அவள் கையெழுத்துதான். யாரோ ஒரு குழந்தையைப் பற்றிய குறிப்பு, மச்சம், பல், பயம். காணாமல் போன குழந்தையின் அடையாளம் போலிருந்தது. பாவம், யார் பெற்றதோ. இதை ஏன் எழுதினோம் என்று நினைவுக்கு வரவில்லை. இரண்டு சொற்களுக்கு அடியில் கோடு வேறு. மடித்து, தாளைத் துண்டாக்கும் இயந்திரத்தில் விட்டாள்.

சரியாக நாலு மணிக்குத் திரையில் ஒரு கேள்வி வந்தது. தினமும் அந்த நேரத்துக்கு வருகிற கேள்விதான், அன்றன்றைய குப்பையைக் காட்டிக் கேட்பது.

எக்ஸ்-சிட்டு. உரிமையாளர் இல்லை. பயன்படுத்துவோர் இல்லை. அழிக்கலாமா?

என்ன பெயர் இது, முறையே இல்லாமல், என்று எரிச்சல்பட்டாள். எவனோ செல்லப் பெயரை எல்லாம் கொண்டுவந்து வைத்திருக்கிறான். விரல் ஒரு கணம் விசையின் மேல் நின்றது. காரணமில்லாமல் கண் கரித்தது. காலையில் சரியாகச் சாப்பிடாததால் இருக்கும்.

ஆம் என்று அழுத்தினாள்.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வெளியே நல்ல வெயில். பள்ளி விட்ட நேரம், தெரு முழுக்கச் சீருடை. அம்மாக்கள் இழுத்துக்கொண்டும் திட்டிக்கொண்டும் போனார்கள். அவள் நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள். பார்த்ததில் வருத்தம் இல்லை. அவளும் கணவனும் அதையெல்லாம் தாண்டி வந்து வருஷங்கள் ஆகிவிட்டன.

சாலையைக் கடக்க விளிம்பில் நின்றாள். வண்டிகள் குறைந்தன. இறங்கினாள். நாலடி வைத்திருப்பாள். இடது கை கனத்தது.

குனிந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. வெறும் கை. ஆனால் அது தளர்ந்து தொங்கவில்லை. இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, பக்கவாட்டில் நீண்டு, எதையோ பொத்தியதுபோல் விரல்கள் வளைந்திருந்தன. நீட்டப் பார்த்தாள். நீளவில்லை. உள்ளங்கைக்குள் எதுவோ இருந்தது. சின்னது. சில்லென்றது. ஐந்தாக அசைந்தது.

உதறினாள்.

விடவில்லை.

தோளோடு சேர்த்து, பலங்கொண்ட மட்டும் உதறினாள். பை விழுந்தது. வண்டிகள் ஹாரன் அடித்தன. நடுச் சாலையில் ஒருத்தி வெறுங்கையை வீசி வீசி உதறுவதை அம்மாக்கள் நின்று பார்த்தார்கள், பார்த்துவிட்டுத் தங்கள் பிள்ளைகளைக் கிட்டே இழுத்துக்கொண்டார்கள்.

உதற உதற, அந்தச் சின்ன விரல்கள் அவள் விரல்களை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன.